உச்சி எறும்பின் சுமை

அத்தியாயம் 14

பத்து மாதமாக லேப் அக்காவின் தொண்டையில் ஒரே ஒரு சொல் முள்ளாகச் சிக்கிக்கொண்டிருந்தது. அலட்சியம்.

பல்கலைக்கழக வளாகத்தில் மேஸ்திரியாக இருந்த அவள் கணவர், தேர்வுக்கூடத்துப் பக்கச் சுவரில் சாரத்திலிருந்து விழுந்து செத்தார். விசாரணை நடத்தியவர்கள் இரண்டு பக்கத்துக்கு அறிக்கை எழுதினார்கள். அதில் அவளுக்கு மனப்பாடமானது ஒரே வரிதான். 'அனுமதியின்றி, தனியாக, கயிறு கட்டாமல், அலட்சியமாக ஏறியதால்.' இருபத்தாறு வருஷம் அந்த வளாகத்தில் செங்கல் அடுக்கிய மனிதரை ஒரே வரியில் இடித்துத் தள்ளியிருந்தார்கள்.

போன வாரம் நாம் அவளை விட்டுவிட்டு வந்தது சமையலறை வாசலில், மகளின் கணினித் திரைக்கு முன்னால். அதற்கப்புறம் அவள் சரியாகத் தூங்கவும் இல்லை, மகளோடு சரியாகப் பேசவும் இல்லை.

மகள் வேலை பார்ப்பது ஒரு வரைபடத்துக்காக. வளாகத்தில் ஆங்காங்கே நிற்கும் சிலை, சுவர்ச் சித்திரம், கல், கம்பி என்று அறுபத்து மூன்று கலைப் படைப்புகளை ஒரே வரைபடத்தில் புள்ளி புள்ளியாகக் குறித்திருந்தார்கள். கைபேசியில் புள்ளியைத் தொட்டால் படம் விரியும். விரலால் பெரிதாக்கி அணு அணுவாகப் பார்க்கலாம். யார் செய்தது, எப்போது செய்தது என்று கீழே வரும். இன்று மாலை ஐந்து மணிக்கு அதை எல்லோருக்கும் திறந்துவிடப் போகிறார்கள்.

பதினேழாவது புள்ளி, அவள் கணவர் உருவாக்கிய எறும்புச் சுவர். அதைத் தொட்டதும் வந்தது இதுதான். 'உருவாக்கியவர்: வளாகச் சமூகத்தினர்.'

"சமூகத்தினர்னா யாருடி?" என்றாள் லேப் அக்கா. மகள் காலுறையைத் தேடிக்கொண்டிருந்தாள். "எந்த வீட்டுக்காரங்க? எனக்குத் தெரிஞ்சவங்களா?"

"அம்மா, காலைலயே ஆரம்பிக்காத."

"நான் எங்கடி ஆரம்பிச்சேன். நீதான் எல்லாத்தையும் முடிச்சு வெச்சிருக்கியே."

"உனக்குச் சொன்னா புரியாது."

"புரியற மாதிரி சொல்ல உனக்கு வாய் வரலன்னு சொல்லு. உங்கப்பன் பேரை எழுத கை வராத மாதிரி."

மகள் ஒற்றைக் காலுறையோடு நிமிர்ந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வாசலில் இருசக்கர வண்டியின் சத்தம் கேட்டது. அவளுடைய சித்தப்பா வந்துவிட்டார்.

அவர் லேப் அக்காவின் கொழுந்தன். வளாகத்தில் மின்பணியாளர். அண்ணன் போனதிலிருந்து ஒரு நாள் தவறாமல் காலையில் வந்து நிற்பார். ஒழுகுகிற குழாயைப் பார்ப்பார், அண்ணன் மகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார். 'ராமன் லட்சுமணன்கூட இப்படி இல்லை' என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள்.

"அண்ணி, அவளைத் திட்டாதீங்க. சின்னப் பொண்ணு."

"இருபத்தஞ்சு வயசு தம்பி."

"அண்ணன் இருந்தா, பேரெல்லாம் எதுக்குன்னுதான் சொல்லியிருப்பாரு."

"அவரு சொல்லியிருப்பாரு. அதுக்காக நாமளும் சொல்லலாமா?"

கொழுந்தன் வண்டியைத் திருப்பினார். மகள் திரும்பிப் பார்க்காமல் ஏறி உட்கார்ந்தாள். போகிறபோது ஒரு காலில் கறுப்புக் காலுறை, இன்னொரு காலில் பழுப்பு. கூப்பிட்டுச் சொல்லலாமா என்று நினைத்தாள் லேப் அக்கா. சொல்லவில்லை. அவ்வளவு கோபம்.

*

எறும்புச் சுவரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

மேஸ்திரி விழுந்த தேர்வுக்கூடத்துப் பக்கச் சுவர்தான் அது, முப்பதடி உயரம். தரையிலிருந்து வலது உச்சி வரைக்கும் வளைந்து வளைந்து ஏறும் எறும்பு வரிசை. கறுப்பு ஓடுகளைக் கத்தரித்து மேஸ்திரி பதித்த எறும்புகள், நானூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொரு எறும்பும் தலைக்கு மேல் ஒரு சுமை தூக்கியிருக்கும். அந்தச் சுமைதான் விசேஷம். வளாகத்தில் உடைந்த ஏதோ ஒன்றின் துண்டு அது. ஆய்வகத்துப் பீங்கான் கிண்ணம், உணவகத்துத் தட்டு, விடுதிக் கண்ணாடி, யாரோ கோபத்தில் எறிந்த பூச்சாடி.

ஆரம்பித்து வைத்ததே அவள்தான். வேதியியல் ஆய்வகத்தில் கண்ணாடிச் சாமான் கழுவுகிற வேலை அவளுக்கு. முதல் வருஷப் பிள்ளைகள் வாரத்துக்கு ஒரு வாளி உடைப்பார்கள். "இதை எங்கே கொட்டறது" என்று அவள் ஒருநாள் புலம்ப, "கொட்டாதே, குடு" என்று வாளியை வாங்கிப் போனார் மேஸ்திரி.

அவர் வைத்தது ஒரே சட்டம். உடைத்தவர்தான் ஒட்ட வேண்டும். கலவை குழைத்துக் கொடுப்பார், இடம் காட்டுவார், ஆனால் அடுத்தவர் துண்டைத் தன் கையால் ஒட்ட மாட்டார். ஒரு தடவை கல்லூரி முதல்வரே தேநீர்க் கோப்பையை உடைத்துவிட்டுத் துண்டை உதவியாளரிடம் கொடுத்தனுப்பினார். மேஸ்திரி அதை ஒரு பையில் போட்டுச் சாரத்தில் தொங்கவிட்டார். எறும்பு நாலு மாதம் வெறுங்கையோடு நின்றது. கடைசியில் முதல்வர் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுத் தானே வந்து ஏறினார்.

ஏறுகிறவர்களுக்குப் பயமிருக்கும். மேஸ்திரியிடம் இருந்தது ஒரே ஒரு கயிறு. அதை வந்தவர் இடுப்பில் கட்டி, சாரத்துக் குழாயில் முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் கூட்டிப் போவார். "உங்களுக்கு?" என்று கேட்டால், "எனக்கு எறும்புக் கால்" என்பார்.

விழுந்த அன்று காலையில் உச்சி எறும்பு ஒன்றுக்கு மட்டும்தான் சுமை பாக்கி. "இன்னிக்கு அதுவும் முடிஞ்சிரும்" என்றார் கிளம்புகிறபோது. "யாரு உடைச்சது?" என்று கேட்டாள். "சாயங்காலம் சொல்றேன். கேட்டா சிரிப்ப."

சாயங்காலம் அவர் வரவில்லை. மறுநாளே சாரத்தைப் பிரித்து எடுத்துப் போனார்கள். உச்சி எறும்பு அப்படியே வெறுங்கையோடு நிற்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். முப்பதடி உயரத்தில், கட்டை விரல் அகலத் துண்டை யார் கண்டார்கள். லேப் அக்கா அந்தப் பக்கம் தலை நிமிர்த்தியதே இல்லை.

*

மத்தியானம் ஆய்வகத்தில் ஒரு மாணவி கூம்புக் குடுவையைப் போட்டு உடைத்தாள். புதிதாக வந்தவள். யாரிடமோ பழைய கதையைக் கேட்டிருக்கிறாள். துண்டை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு சிரித்தபடி வந்தாள்.

"அக்கா, இதை எங்க ஒட்டணும்?"

"குப்பைத் தொட்டில."

பெண்ணின் முகம் சுருங்கிவிட்டது. லேப் அக்காவுக்கே தன் குரல் அந்நியமாக இருந்தது. கையுறையை உருவித் தொட்டி விளிம்பில் போட்டாள். மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

"எங்கக்கா போறீங்க? இன்னும் ரெண்டு வகுப்பு இருக்கு."

"சமூகத்தினரைப் பாத்துட்டு வரேன்" என்றாள் அவள்.

வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. வழியெல்லாம் கம்பத்துக்குக் கம்பம் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். 'நம் வளாகம், நம் கலை, நம் விரல் நுனியில்.' ஒவ்வொன்றையும் கிழித்துப் போடலாம் போல அவளுக்குக் கை பரபரத்தது. ஒட்டினவன்தான் கிழிக்க வேண்டும் என்று மேஸ்திரி சொல்லியிருப்பார். நினைத்ததும் சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்ததில் இன்னும் கோபம் வந்தது.

*

வரைபட அறை நிர்வாகக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. நாலு கணினி, சுவரில் ஒரு பெரிய திரை, திறப்பு விழாவுக்கு வாடகை நாற்காலிகள். ஏணி மேல் நின்று அந்தத் திரைக்குக் கம்பி இழுத்துக்கொண்டிருந்தார் கொழுந்தன். திட்டத்தின் தலைவியான பேராசிரியை, வளாகமே 'மேப் மேடம்' என்று கூப்பிடுகிறவர், நாற்காலி எண்ணிக்கொண்டிருந்தார். மகள் கணினிக்கு முன்னால் இருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் அவள் முதுகு விறைத்தது.

"வாங்க, உக்காருங்க" என்றார் மேடம்.

"நின்னே பழக்கம் மேடம். லேப்ல நாற்காலி பிள்ளைங்களுக்குத்தான்."

"பதினேழாவது புள்ளி விஷயமா?"

"பரவாயில்லையே, வந்ததும் புரியுது. அப்ப உறுத்திட்டுத்தான் இருந்திருக்கு."

மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "உங்க கணவர் உழைப்பை நான் மறுக்கல. ஆனா அந்தச் சுவர்ல நானூறு பேர் ஒட்டியிருக்காங்க. அதனாலதான் கூட்டுப் படைப்புன்னு போட்டோம்."

"நானூறு பேரும் ஒட்டினது சுமையை. எறும்பை ஒட்டினது யாரு?"

மேடம் கண்ணாடியை முந்தானையில் துடைத்தார்.

"சரி, இதைச் சொல்லுங்க. நூலகத்து வாசல்ல ஒரு வெண்கலச் சிலை நிக்குதே, புத்தகம் படிக்கிற பொம்பள. அதைச் செஞ்சவருன்னு யார் பேரைப் போட்டிருக்கீங்க?"

மேடம் மகளைப் பார்த்தார். மகள் தயங்கித் தயங்கி ஒரு பேரைச் சொன்னாள்.

"அவரு அதைத் திறந்து வெச்சவரு. நான் அன்னிக்குத் தண்ணி குடுக்கறவங்களோட நின்னுட்டிருந்தேன். பலகையில யார் பேரு பெரிசா இருக்கோ அவரே செஞ்சவருன்னு எழுதிட்டீங்க. ரிப்பன் வெட்டினவரு சிற்பி, சுவத்தைக் கட்டினவரு சமூகத்தினர். நல்லாயிருக்கு மேடம் உங்க வரைபடம்."

ஏணி மேலிருந்து கொழுந்தன் சிரித்துவிட்டார். "போன மாசம் சாக்கடைக்கு வந்த சிமென்ட் குழாயைக்கூட நவீன சிற்பம்னு குறிச்சிருந்தாங்க அண்ணி. மூணு கோணத்துல படம் வேற."

"அதை எடுத்துட்டோம்" என்றார் மேடம், காது சிவக்க.

"குழாயை எடுத்தீங்க. அவர் பேரையும் எடுத்துட்டீங்க. ரெண்டும் ஒண்ணா?"

"அம்மா, போதும்." மகள் எழுந்துவிட்டாள். "அவங்களைக் கேக்காத. என்னைக் கேளு. பேரை எடுத்தது நான்."

லேப் அக்கா மகள் பக்கம் திரும்பினாள்.

"பராமரிப்பு அலுவலகத்துல சுண்ணாம்பு வாங்கி வெச்சிருக்காங்கம்மா. வெள்ளை அடிக்கறதுக்கு. அப்பா பேரைப் போட்டா அது அனுமதியில்லாத வேலைன்னு அறிக்கை சொல்லுது, வரைபடத்துல சேர்க்க முடியாதுன்னாங்க. சேர்க்கலன்னா அடுத்த வாரமே சுவர் வெள்ளை. சமூகத்தினர்னு போட்டா யாரும் கை வைக்க முடியாது. நான் ஒத்துக்கிட்டேன்."

"பேரு இல்லாத சுவத்தைக் காப்பாத்தி என்னடி பண்ணப் போற?"

"சுவரு இல்லாத பேரை வெச்சு நீ என்ன பண்ணப் போற?"

இருவருக்கும் மூச்சு வாங்கியது. ஒரே மூக்கு, ஒரே நெற்றிச் சுருக்கம். கண்ணாடிக்கு முன்னால் நின்று தன்னைத் தானே திட்டிக்கொள்வது போல இருந்தது லேப் அக்காவுக்கு. மகள் பத்து மாதமாக ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. கல் மனசு என்று நினைத்திருந்தாள். இவளும் ஒரு முள்ளை விழுங்கிக்கொண்டுதான் நடமாடியிருக்கிறாள்.

ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை.

"மேடம், அந்த அறிக்கையில தனியா ஏறினாருன்னு எழுதியிருக்கே. தனியா ஏறினதை யாரு பாத்தா? பாத்தவன் கூட இருந்தா அப்புறம் என்ன தனியா?"

"உங்க கொழுந்தனாரே எழுதிக் குடுத்திருக்காரே. சத்தம் கேட்டு பம்ப் அறையிலேர்ந்து ஓடிவந்தாரு, அங்க வேற யாரும் இல்லைன்னு."

"அண்ணி, விடுங்க" என்றார் கொழுந்தன். கம்பியில் இருந்த கண்ணை அவர் எடுக்கவில்லை. "படமாச்சும் நிக்கட்டும். பேரு நம்ம மனசுல இருக்கு."

"மனசுல இருக்கறதை எவன் தம்பி விரலால தொட்டுப் பாப்பான்?"

மகள் கணினியைத் தன் பக்கம் இழுத்தாள். "நீ முதல்ல சுவத்தைப் பாரும்மா. பத்து மாசமா ஒரு தடவைகூட நீ பாக்கல. எதைக் காப்பாத்தறேன்னு பாத்துட்டு அப்புறம் திட்டு. சித்தப்பா, லைன் வந்துடுச்சா?"

"ஒரு நிமிஷம்... ம், வந்துடுச்சு."

கடைசிக் கம்பியை அவர் சொருகினார். சுவர்த் திரையில் வெளிச்சம் வந்தது. எறும்புச் சுவர் முழுதாக எழுந்து நின்றது.

"சித்தப்பாகிட்ட விளக்குக் கம்பம் பாக்கற வண்டியை மூணு வாரமா கேட்டேன், மேல ஏறிப் படம் எடுக்க. தூக்குக் கூடை ரிப்பேர் ரிப்பேர்னே சொன்னாரு. கடைசியில வியாழக்கிழமை பறக்கற கேமரா கடன் வாங்கி எடுத்தோம். ஒரு கீறல் விடாம இருக்கு. நீயே தொட்டுப் பாரு."

லேப் அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கணினியைத் தொட்டாள். இரண்டு விரலை விரித்தாள். தரையோரத்து முதல் எறும்பு திரையில் ஆள் உயரத்துக்கு வந்தது. அதன் தலையில் அவள் உடைத்த நீலக் கிண்ணம். தெரியாமல் உடைத்ததல்ல. அவரோடு சண்டை போட்டு உடைத்தது.

மேலே தள்ளினாள். புட்டிக் கழுத்து. குழவியின் மூக்கு. முதல்வரின் கோப்பைக் காது. எல்லாம் அவளுக்குத் தெரிந்தவை. எது ஆய்வகத்துப் பீங்கான், எது உணவகத்துப் பீங்கான் என்று தடிமனைப் பார்த்தே சொல்வாள். ஏறிக்கொண்டே போனாள். நானூற்று ஏழு, எட்டு, ஒன்பது என்று அவள் உதடு எண்ணியது.

உச்சி எறும்பு வந்தது.

அதன் கை வெறுமையாக இல்லை.

தலைக்கு மேல் ஒரு வெள்ளைத் துண்டு. கொஞ்சம் சாய்ந்து, அவசரத்தில் ஒட்டியது போல. ஓரத்தில் கலவை வழிந்து காய்ந்திருந்தது. இன்னும் விரித்தாள். தடித்த பீங்கான். ஒரு பக்கம் கருகல். நடுவில் பித்தளைத் திருகாணி இருந்த துளை.

"இது என்ன கிண்ணம்?" என்றார் மேடம்.

அது கிண்ணமே இல்லை. பழைய மின்பலகையில் சொருகுகிற ஃபியூஸ் கட்டை. இந்த வளாகத்தில் அதைக் கையில் எடுக்கிறவர்கள் மின்பணியாளர்கள் மட்டும்தான். அவர்களிலும் எல்லோரும் அப்போது புதியவர்கள், பழைய பலகைப் பக்கமே போகாதவர்கள். ஒருவரைத் தவிர. 'நான் என் வாழ்க்கையில ஒண்ணையும் உடைச்சதில்ல அண்ணே' என்று மேஸ்திரியிடம் பதினோரு வருஷமாக வம்பளந்துகொண்டிருந்தவர் அவர். கேட்டா சிரிப்ப, என்றது இதைத்தான்.

உடைத்தவர்தான் ஒட்ட வேண்டும். முதல்வருக்கே விட்டுக்கொடுக்காத சட்டம்.

அப்படியென்றால் மேஸ்திரி தனியாக ஏறவில்லை. கூட ஒருவர் ஏறியிருக்கிறார். கூட ஏறினவர் இடுப்பில்தான் எப்போதும் அந்த ஒரே கயிறு இருக்கும்.

கயிறு கட்டாமல். அலட்சியமாக.

பத்து மாதத்து முள் தொண்டையிலிருந்து இறங்கியது. இறங்கின இடமெல்லாம் எரிந்தது. மகள் திரையையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மெல்ல, மிக மெல்ல, ஏணிப் பக்கம் தலையைத் திருப்பினாள். அவளுக்கும் புரிந்துவிட்டது. மேஸ்திரியின் மகளல்லவா.

கொழுந்தன் ஏணியின் நடுப்படியில் நின்றிருந்தார். முகத்தில் திரையின் வெளிச்சம். கையிலிருந்த திருப்புளி நழுவி விழுந்ததை அவர் கவனிக்கவில்லை.

இருபத்தேழு வருஷத்தில் ஒரு தடவைகூட லேப் அக்கா அவரை 'நீ' என்றதில்லை.

"கயிறு அன்னிக்கு உன் இடுப்புலதானே இருந்துச்சு?"

மணி நாலே முக்கால். வெளியே நடைபாதையில் விழாவுக்கு வருகிறவர்களின் செருப்புச் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது. மகள் பதினேழாவது புள்ளியைத் திறந்தாள். 'உருவாக்கியவர்' என்ற கட்டத்தில் இருந்ததை ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். அப்பாவின் பெயரை முழுதாக அடித்தாள். மேடம் தடுக்கவில்லை.

கொழுந்தன் ஏணியிலிருந்து இறங்கினார். கால் தரையைத் தொட்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"சொல்றேன் அண்ணி" என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "எல்லாத்தையும் சொல்றேன். அந்தக் கதவை மட்டும் சாத்திடுங்க."

லேப் அக்கா கதவிடம் போனாள். இரட்டைக் கதவையும் அகலமாகத் திறந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாடகை நாற்காலியை முட்டுக் கொடுத்தாள்.

"இப்ப சொல்லு" என்றாள்.